தேவாரம் D, தேனி T

1982

ஜூலை 3, சனி

காற்று. மலைப்பக்கம் இருட்டிக்கிடக்கிறது, ஊருக்குள் மழை இல்லை, மண்தான். என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் பன்னிரண்டு டைப்ரைட்டர் மீதும் புழுதி. நான்காம் நம்பர் மெஷினில் e ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதிகம் உழைக்கிற எழுத்து, ஒட்டத்தான் செய்யும்.

பதினோரு மணித் தபாலில் சென்னையிலிருந்து பழுப்பு உறை. அமெச்சூர் ரேடியோ, அதாவது வீட்டிலிருந்தே வயர்லெஸில் ஊர் ஊராகப் பேச லைசென்ஸ் தருகிற தேர்வு நடத்துகிற அலுவலகம். என் ஏழு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். மரியாதையான கடிதம். சாரம்:

1. குறைந்தது பத்து விண்ணப்பங்கள் சேர்ந்தால் அதிகாரி ஒருவர் போடிக்கே வந்து தேர்வு நடத்துவார். கடைசித் தேதி 12.

2. பார்வையற்ற விண்ணப்பதாரர், தனக்காக எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆளுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திச் சத்தம்) தெரிந்திருக்கக் கூடாது. ரேடியோவைப் பற்றியும் எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைக்கு ஏறக்குறைய ஊர் முழுவதும் தகுதி. முதலாவதுதான் சிரமம்.

பின்னாளில் எனக்கே மறந்துபோகும் என்பதால் குறித்துவைக்கிறேன். பார்வையற்ற விண்ணப்பதாரர் மொக்கராசு (இனி மொ.). வயது முப்பத்துமூன்று. இன்ஸ்டிட்யூட் மாடிக்கு நேர் கீழே ரேடியோ ரிப்பேர் கடை. பத்தொன்பது வயதில் எஸ்டேட் ஜீப்பின் பேட்டரி முகத்தில் வெடித்தது. இப்போது ஈயம் பற்றவைப்பது மூக்காலும் விரலாலும். "கண்ணு தெரியாம எப்பிடிப்பா ரிப்பேர் பண்ணுவ?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறான்: "ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியுதே, நீங்களே பண்ணிக்கங்க."

போன வருஷம் சென்னைக்கு அழைத்துப் போனேன். சொந்தக் கையால் எழுத வேண்டும் என்ற விதியைக் காட்டி, ஹெட்போன் மாட்டும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் ரயில் திருச்சியைத் தாண்டியது. அப்புறம் சொன்னான்: "பத்து வருசமா கேட்டுக்கிட்டே இருக்கேண்ணே. எவனெவனோ எந்தெந்த ஊர்லருந்தோ கூப்புடுறான். ஒரு தடவ பதில் சொல்லணும்."

லைசென்ஸ் இல்லாமல் கேட்கலாம். பதில் சொல்லத்தான் பரீட்சை.

கீழே போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"மிச்சம் ஒம்பது பேர எங்கிட்டுண்ணே பிடிக்கிறது?"

"பிடிக்கலாம்."

"ஆட்டுச் சந்தைக்குப் போற மாதிரியே சொல்றீக."

ஜூலை 6, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஆள் பிடித்தல். ஊருக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. இரண்டும் எனக்கு உதவி. முதலாவது: இது சர்க்கார் வேலைக்கான பரீட்சை. இரண்டாவது: இது தபாலாபீசில் வருஷா வருஷம் ரேடியோ பெட்டிக்குப் புதுப்பிக்கிற லைசென்ஸ் சம்பந்தப்பட்டது.

ரைஸ் மில் முதலாளி ஃபாரத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இத பாஸ் பண்ணிட்டா அப்பறம் போஸ்டாபீசுக்குப் போகத் தேவையில்லல்ல?"

"இது பெரிய லைசென்ஸ்ங்க" என்றேன். பொய் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

இதுவரை: மொ., கல்லூரி பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர், டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர், ரைஸ் மில், இன்ஸ்டிட்யூட் பழைய மாணவர்கள் மூன்று பேர் (நான் கண்ணாடிக்கு மேல் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிறவர்கள்). ஏழு.

மனைவி சரசு, மத்தியானம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் கூடாது, மதம் கூடாது, மூன்றாம் மனிதருக்குச் சேதி சொல்லக் கூடாது.

"பின்ன என்னத்தத்தான் பேசுவீக?"

"வானிலை. அப்புறம் கருவி எப்படி வேலை செய்கிறது என்று."

"அதுக்கு ஒரு பரீட்ச, அதுக்கு ஒரு அதிகாரி." புத்தகத்தை மூடிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போனாள். எனக்கு லைசென்ஸ் கிடைத்து எட்டு வருஷம். இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

ஜூலை 9, வெள்ளி

பத்து.

எட்டாவது, மின்வாரிய லைன்மேன். ஒன்பதாவது, அவர் மைத்துனர். சும்மா உட்கார்ந்திருந்தார், எழுதிக்கொண்டேன். பத்தாவது, மலை உச்சியில் மெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட் சூப்பர்வைசர் வர்கீஸ். ஏலக்காய் லோடு இறக்க வந்தவரை ஜீப்பிலேயே மடக்கினேன்.

"சாரே, பரீட்சையா? எனக்கா? பத்தாங்கிளாஸ்ல தோத்த ஆளாக்கும் நான்."

"இதில் தோற்றால் யாருக்கும் தெரியாது."

"அப்படின்னா சரி, எழுதிக்கோ."

ஒவ்வொருவருக்கும்: விண்ணப்பம் இரண்டு படி, போட்டோ மூன்று, கருவூலச் சலான், வயதுச் சான்று, நன்னடத்தைச் சான்று. நன்னடத்தைக்கு கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும். கால்நடை மருத்துவர் பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் போட்டுக்கொடுத்தார். "இவக எல்லாரையும் எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கே?" என்றார். "இப்போது தெரிந்துகொள்ளுங்கள்" என்றேன். வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார், வழக்கமான முறையில். பல்லைப் பார்க்கவில்லை.

பதிவுத் தபால். ரசீதை இங்கேயே ஒட்டிவைக்கிறேன்.

ஜூலை 11, ஞாயிறு

எழுதும் ஆள் கிடைத்துவிட்டாள். ஜெயக்கொடி (இனி ஜெ.), இருபத்திரண்டு வயது. என்னிடம் டைப்பிங் ஹையர் முடித்தவள், இப்போது ஏலக்காயை ஏலம் விடுகிற கம்பெனியில் லாட்டுச் சீட்டு, அதாவது ஒவ்வொரு குவியலுக்கும் உரிய சீட்டு, எழுதுகிறாள். வேகமான கை. மோர்ஸ் தெரியுமா என்று கேட்டேன். "மோரா சார்?" என்றாள். உடனே எடுத்துக்கொண்டேன்.

பயிற்சி காலை ஐந்தே முக்காலுக்கு, ஜன்னலுக்குக் கீழே உள்ள நிறுத்தத்திலிருந்து முதல் பஸ் கிளம்புவதற்கு முன். ஏழரைக்கு இருவருக்கும் சோலி இருக்கிறது. முறை: நான் பக்கத்து அறையில் மோர்ஸ் கட்டையைத் தட்டுவேன். மொ. ஹெட்போனில் கேட்டு, எழுத்தை வாயால் சொல்வான். ஜெ. எழுதுவாள். பரீட்சையில் நிமிஷத்துக்கு ஐந்து சொல், ஐந்து நிமிஷம். ஐந்து பிழை வரை மன்னிப்பு. ஆறாவதில் வீடு.

முதல் நாள் விளைவு:

நான் அனுப்பியது: BAD TIDE
ஜெ. எழுதியது: PAT DITE

மொ. சரியாகத்தான் கேட்டிருக்கிறான். ஜெ.யும் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள். இடையில் நம் பாஷை. பி என்றால் இரண்டு பி, டி என்றால் இரண்டு டி. தமிழில் எழுதினால் இந்தக் குறிப்பிலும் தெரியாது என்பதால் இங்கே ஆங்கில எழுத்தையே போடுகிறேன். எம், என் இன்னும் மோசம்.

"அழுத்திச் சொல்லுங்கண்ணே" என்றாள் ஜெ.

"பி!" என்று கத்தினான் மொ.

"இது எந்த பி?"

"அழுத்துன பி, தாயி!"

ஒரு பக்கத்தில் முப்பத்தொரு பிழை. மொ. சிரித்தான். கடையைத் திறக்கப் போனபோது சிரிக்கவில்லை.

ஜூலை 13, செவ்வாய்

ஜெ. வழி கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்டுபிடித்தது இல்லையாம், கம்பெனியின் வழக்கம்.

"எங்க கம்பெனியில கருப்பசாமின்னு ரெண்டு பேரு ஏலத்துக்குக் காய் போடுறாக சார். இனிஷியல் ஒருத்தருக்கு B, ஒருத்தருக்கு P. போன்ல சொன்னா எந்தக் கருப்பசாமி லாட்டுன்னு தெரியாது, சண்டை வந்துரும். அதனால போடி கருப்பசாமி, பொட்டிபுரம் கருப்பசாமின்னு சொல்லிருவோம்."

"இருவரும் அந்தந்த ஊரா?"

"இல்ல சார். ரெண்டு பேருமே சில்லமரத்துப்பட்டி."

உட்கார்ந்து பட்டியல் போட்டோம்:

B போடி
P பொட்டிபுரம்
D தேவாரம்
T தேனி
M மதுரை
N நாயக்கனூர்
C கம்பம்
G கூடலூர்
K குமுளி

மற்ற எழுத்துகள் அப்படியே. தமிழில் பார்த்தால் போடிக்கும் பொட்டிபுரத்துக்கும் ஒரே எழுத்து, தேவாரத்துக்கும் தேனிக்கும் ஒரே எழுத்து. வித்தியாசம் முழுவதும் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் ஊர்ப்பெயரை எழுதிய விதத்தில். அவனுக்கு நன்றி சொல்வது இதுவே முதலும் கடைசியும்.

"கம்பம்னா K தானே சார்?" என்றாள் ஜெ. தபால் முத்திரையைக் காட்டினேன். C. "ஏன் சார்?" எனக்கும் தெரியாது என்றேன்.

மொ. பட்டியலை ஒருமுறை கேட்டான். திருப்பிச் சொன்னான், தவறில்லை. "எல்லா ரூட்டும் வந்துருச்சுண்ணே. விசில் ஒண்ணுதான் கொறச்சல்."

ஜூலை 18, ஞாயிறு

சாரல். பிழைகள் இந்த வாரம்: 14, 9, 6, 3, 3.

இனி மொ.வைப் பற்றிக் கவலை இல்லை. ஜெ. கை, அவன் வாயோடு ஒட்டிக்கொண்டது. தேனி என்று கேட்டால் யோசிக்காமல் T போடுகிறது. நேற்று அவள் வீட்டில் தேனிக்குப் போய் வரச் சொன்னார்களாம், விரல் தானாக அசைந்ததாம்.

தேர்வு 24 என்று சென்னையிலிருந்து தகவல் வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஹால் கேட்டேன். தலைமையாசிரியர் மேலிடத்து எழுத்து உத்தரவு வேண்டுமென்றார். மேலிடம் எது என்று கேட்டேன். அதையும் எழுத்தில் கேட்கச் சொன்னார். ஆகவே இன்ஸ்டிட்யூட்டிலேயே நடத்துவது. பெரிய அறையில் ஒன்பது பேர். தெருப்பக்கத்துச் சின்ன அறையில் மொ. அவன் வாய்விட்டுச் சொல்வதை மற்றவர்கள் கேட்டு எழுதிவிடக் கூடாது அல்லவா.

ரிப்பன் வாங்கியாயிற்று. e இன்னும் ஒட்டுகிறது.

ஜூலை 23, வெள்ளி

அதிகாரி வந்துவிட்டார். மதுரை ரயிலில். பஸ்ஸில் வந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம். பயணப்படி விதியில் ரயில் என்றிருக்கிறது. ஐம்பது வயது. ஒல்லி. கையில் இரும்புப் பெட்டி. அதில் டேப் ரெக்கார்டர், ஹெட்போன்கள், அரக்கு வைத்த உறைகள். லாட்ஜில் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காபி சாப்பிட்டுக்கொண்டே என் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊரைப் பற்றி விசாரித்தார். ஏலக்காய் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்து அதைப் பற்றிப் பேசாத முதல் ஆள். எனக்குப் பிடித்துவிட்டது.

"அந்தப் பார்வையில்லாத கேண்டிடேட். முந்தைய உதாரணம் எதுவும் என் ஃபைலில் இல்லை."

"நாளைக்கு இருக்கும்" என்றேன்.

"பாஸ் பண்ணினால்தான் உதாரணம் சார். பண்ணாவிட்டால் ஆட்சேபணைக்கு ஆதாரம்." கோபமாகச் சொல்லவில்லை. உள்ள நிலைமையைச் சொன்னார். அதாவது நாளைக்குத் தவறினால் மூன்றாவது வாய்ப்பு வராது. இதை மொ.விடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும்.

ஜூலை 24, சனி

உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

வெயில். பத்தரைக்கு ஆரம்பம். வந்தது ஒன்பது பேர். மெட்டு ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறதாம். வர்கீஸ் நேற்றுச் சாயங்காலமே, சரிவைத் தாண்டி நடந்து இறங்கிய ஜீப்பு டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போதுதான் வந்து சேர்ந்தது: "சாரோட மானத்தக் காப்பாத்த முடியல, மன்னிக்கணும்." ஒன்பதுதான் என்று அதிகாரியிடம் சொன்னேன். அதிகாரி விதியை எடுத்துப் படித்தார்.

"பத்து விண்ணப்பம் என்றுதான் இருக்கிறது. பத்து ஆள் என்று இல்லை. ஆரம்பிக்கலாம்."

முதலில் பெரிய அறை, எட்டுப் பேர். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் அதற்கான விதியை வாசித்தார். உறை கிழிக்கும் விதி. உறை கிழித்தார். டேப் ஓடியது. ரைஸ் மில் முதலாளி இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "பாட்டு எப்ப வரும்?" அதிகாரி விடைத்தாளில் ஏதோ குறித்தார்.

பதினொன்றே முக்கால். சின்ன அறை. மொ. வெள்ளைச் சட்டை. ஜெ. நான்கு பென்சில் சீவி வைத்திருந்தாள். உள்ளூர் ஏற்பாட்டாளர் என்ற முறையில் நான் வாசலில் நிற்கலாம், பேசக் கூடாது. மொ. எழுத்துகளை ஊர்ப்பெயரால் சொல்வான் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அதிகாரி பட்டியலை இரண்டு முறை படித்து, ஃபைலில் குத்திவைத்தார், ஆட்சேபணை இல்லை.

பிறகு விதிப் புத்தகம். "தேர்வருக்குப் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும்." நிமிர்ந்து பார்த்தார். தெருப்பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு இது போதும் சார்" என்றான் மொ.

"விதி, தம்பி." ஜன்னலைத் திறந்துவைத்தார்.

டேப் ஓடியது. முதல் இரண்டு நிமிஷம் தண்ணீர் ஓடுகிற மாதிரி. "தேனி... எச்... ஈ..." ஜெ. கை நிற்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் எஃப்பை எஸ் என்று எழுதியதை நான் பார்த்தேன். ஒன்று. போகட்டும்.

மூன்றாவது நிமிஷம். HARBOUR என்ற சொல் வந்துகொண்டிருக்கிறது. மொ. "எச், ஏ, ஆர்" என்று சொல்லி முடித்தான். அந்த நொடியில், திறந்த ஜன்னலுக்கு நேர் கீழே, மத்தியான பஸ்ஸின் கண்டக்டர், முழுத் தொண்டையில்:

"தேனி, தேனி, தேனி! ஏறு, ஏறு! வெரசா!"

ஜெ. எழுதினாள். T T T.

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். என் கணக்கு ஓடியது: மூன்றும் முன்னதும் நான்கு. பஸ் இன்னும் நிற்கிறது. அது தேவாரம் வண்டியும் கிளம்புகிற நேரம்.

மொ. தலையைச் சாய்த்தான். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"தாயி, அது பஸ்சு. மூணு தேனியையும் அடி. எங்குரல மட்டும் கேளு."

உடனே, மூச்சு விடாமல்: "போடி, ஓ, யூ." அவன் பேசிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த எழுத்துகள், மனசுக்குள் அடுக்கிவைத்திருந்திருக்கிறான். R மட்டும் தவறிவிட்டது. அதற்குள் கீழே "தேவாரம், தேவாரம், போடி ரெங்கநாதபுரம்" என்று அடுத்த கண்டக்டர். ஜெ. இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, வலது காதை மொ. வாய்க்கு அருகில் வைத்து எழுதினாள். நகரவில்லை. டேப் நின்றது.

அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கேண்டிடேட் எழுதுகிறவரோடு பேசினார்."

"ஆமா சார்."

"என்ன பேசினீர்கள்? நான் அப்போது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பஸ்சப் பத்தி சார்."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாக. எனக்கு வேர்த்தது, ஜன்னல் சாத்தியதாலும் இருக்கலாம். கடைசியில் வாசித்தார்: "எழுதுபவர் தேர்வருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது." நிறுத்தினார். இன்னொரு முறை மனசுக்குள் வாசித்தார். "தேர்வர் எழுதுபவருக்கு உதவி செய்யக் கூடாது என்று இல்லை."

அடித்த மூன்று எழுத்துகள்? பெரிய அறை விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தார். அங்கும் அடித்தல் இருந்தது, அவற்றைப் பிழையாக எண்ணவில்லை. ஆகவே இங்கும் எண்ணவில்லை. மீதிப் பிழைகளை என் முன்னால் எண்ணவில்லை. உறையில் போட்டு அரக்கு வைத்தார். பதிவேட்டில் எழுதியதை வாசலிலிருந்து தலைகீழாகப் படித்தேன்: "தேர்வு நடுவில் தேர்வர் ஒரு வாக்கியம் பேசினார். பொருள்: பேருந்துப் போக்குவரத்து."

பிறகு அனுப்பும் தேர்வு. மொ. கட்டையில் விரல் வைத்தான். அதிகாரி பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார், பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே கேட்டார்.

மத்தியானம் எழுத்துத் தேர்வு. மொ. சொல்லச் சொல்ல ஜெ. எழுத்து. ரிசீவரின் கட்டப்படம் கேட்டிருந்தார்கள். "ஒரு பெட்டி போடு தாயி. பக்கத்துல இன்னொண்ணு. நடுவுல அம்புக்குறி. ரெண்டாவது பெட்டிக்குக் கீழ ஒரு பெட்டி, அதுலருந்து மேல அம்பு." ஜெ. ஏழு பெட்டி போட்டாள், எதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல். நான் பார்த்த வரையில் படம் சரி.

அதிகாரி சாயங்கால ரயிலில் கிளம்பினார். பெட்டியைத் தானே தூக்கினார்.

ஜூலை 25, ஞாயிறு

மொ.விடம் கேட்டேன்: எப்படித் தெரிந்தது? கண்டக்டர் கத்தியதைக் கேட்டிருப்பான், சரி. ஜெ. அதை எழுதினாள் என்பது?

"நான் வாயத் தொறக்கல, ஆறு கீறல் கேட்டுச்சுண்ணே. T-க்கு ரெண்டு கீறல், படுக்க ஒண்ணு, நிமிர ஒண்ணு. அவ பென்சில்தான் பதினஞ்சு நாளாக் கேக்குறேன்ல."

ஹெட்போனுக்குள் மோர்ஸ், வெளியே கண்டக்டர், நடுவில் பென்சில். நான் எட்டு வருஷமாக லைசென்ஸ் உள்ளவன். எனக்கு நேற்றுக் கேட்டது கண்டக்டர் மட்டும்தான்.

ஜெ. அழுதிருக்கிறாள் போல, கண் வீங்கியிருந்தது. "எல்லாம் என்னாலதான் சார்." மொ. சொன்னான்: "ஏத்தா, தேனின்னு கேட்டதும் T போட்டியா இல்லியா? போட்ட. அப்ப ஒன் சோலியச் சரியாத்தான பாத்திருக்க. கண்டக்டருக்குத்தான் மோர்சு தெரியல."

தலைவலி. வெந்தயம் போட்ட குழம்பு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 29, புதன்

மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரம். ஊர் முழுக்க ஜீப்பு. பத்து மணிக்குப் பழுப்பு உறை. மாடிக்கு எடுத்துப்போகாமல் மொ. கடையிலேயே கிழித்தேன். உறை கிழியும் சத்தத்துக்கு அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

தேர்ச்சி மூன்று. பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். டாக்கீஸ் ஆபரேட்டர். மொ.

"எத்தன பிழைண்ணே?"

"போடவில்லை. தேர்ச்சி என்று மட்டும் இருக்கிறது."

"அஞ்சுதான். எண்ணியிருக்கேன். எஃப்பு ஒண்ணு, ஆரு ஒண்ணு, கடைசி ரெண்டு சொல்லுல மூணு." அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எதிரில் நின்ற வாடிக்கையாளரிடம் சொன்னான்: "நாளக்கி வாங்க. இன்னைக்குக் கடை லீவு."

சரசுவிடம் சொன்னேன். பாயசம் வைக்கட்டுமா என்றாள். ரைஸ் மில் முதலாளி தெருவில் நிறுத்தினார்: "நமக்கு எப்ப வருது?" அடுத்த தடவை என்றேன்.

நவம்பர் 9, செவ்வாய்

லைசென்ஸ் தருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை. ஏட்டு, ஃபாரத்தோடு மொ. கடைக்கு வந்தார். நானும் கீழே இறங்கினேன். கேள்விகள் அச்சடித்தவை, வரிசையாகப் படித்தார்.

"எதிரி நாட்டுக்குச் சேதி அனுப்புவியா?"

"அம்புட்டுத் தூரம் கரண்டு பத்தாது ஏட்டையா."

"சிரிக்காத. எழுதணும். இல்லைன்னு போடவா?"

"இல்லைன்னே போடுங்க."

"ஏலக்காய் வெலய எஸ்டேட்டுக்குச் சொல்லுவியா?" இது ஃபாரத்தில் இல்லை, அவருடைய சொந்தக் கேள்வி.

"சொல்லக் கூடாது. சொன்னா லைசென்ஸ் போயிரும்."

ஏட்டு யோசித்தார். "அப்ப இத வச்சு என்னதாப்பா பண்ணுவ?"

மொ. சொன்னான்: "கூப்புட்டா பதில் சொல்லுவேன்." ஏட்டு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடினார். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார்.

1983

மார்ச் 2, புதன்

லைசென்ஸ் வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு. பேச அனுமதி இல்லை, மோர்ஸ் தட்ட மட்டும். சக்தி குறைவு. அழைப்புக் குறி ஒன்று, இந்த உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. படித்துச் சொன்னேன். கடைப் பலகையில் விரலால் தட்டிப் பார்த்தான். "நல்லாருக்குண்ணே. ஓட்டமா வருது."

டிரான்ஸ்மிட்டர் டிசம்பரிலேயே செய்து முடித்திருந்தான். பழைய ரேடியோ வால்வு, எஸ்டேட்டில் கழித்துப்போட்ட மின்மாற்றி. ஏரியல் கம்பியை லைன்மேன் கட்டிக்கொடுத்தார். (தோற்றாலும் நல்ல மனுஷர்.)

ஏற்பாடு: ஞாயிறு காலை ஏழு மணி. முதல் அழைப்பு எனக்கு. அவன் கடையிலிருந்து, நான் வீட்டிலிருந்து, இடையில் நான்கு தெரு. தேறிய மற்ற இருவருக்கும் இன்னும் லைசென்ஸ் வரவில்லை; ஊரில் வயர்லெஸில் பேசிக்கொள்ள இன்னோர் ஆள் எனக்கு எட்டு வருஷமாக இல்லை.

மார்ச் 6, ஞாயிறு

வெயில் ஏறவில்லை. மலை தெளிவு. ஆறு ஐம்பதுக்கே உட்கார்ந்தேன். புதுப் பென்சில்.

7.00. அவன்தான். கை தெரிகிறது. ஆனால் என் குறியைத் தட்டவில்லை. கேட்கிற எவரும் பதில் தரலாம் என்கிற பொது அழைப்பு. இரண்டு தடவை. மூன்று. பழக்கமில்லாதவன், முறை மாறிவிட்டது என்று நினைத்து என் கட்டையில் கை வைத்தேன்.

அதற்குள் வேறு ஒருவர். மெல்லிய சிக்னல், ரொம்பத் தூரம். கல்கத்தா.

மொ. பெயர் சொன்னான். ஊர் சொன்னான். வானிலை: காற்று மேற்கிலிருந்து, லேசாகக் குளிர், மழை இல்லை. கருவி: சொந்தத் தயாரிப்பு. விதிப்படி ஒரு சொல் அதிகம் இல்லை. கல்கத்தாக்காரர் நன்றி சொல்லி முடித்தார். 7.20.

கட்டையில் கை வைத்தேன். இன்னொருவர் அழைத்தார், கொழும்பிலிருந்து. மொ. மறுபடியும் பெயர், ஊர், காற்று, குளிர். வேகம் கூடியிருக்கிறது.

7.41. மூன்றாவது ஆள். நாக்பூர். எனக்கு முன்னால் புகுந்துவிட்டார்.

சரசு காபி கொண்டுவந்தாள். "என்ன, உங்க தம்பி பேசிட்டானா?"

"பேசிக்கொண்டே இருக்கிறான்."

"உங்ககிட்டயா?"

"எனக்கு இன்னும் முறை வரவில்லை."